முகத்துக்கு நேரே குறை சொன்னவர்களுக்கு நன்றி

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஜமாஅத் பெரியவர்கள், ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்), மகளிர் குழுவினர், உருது ஆசிரியர்கள், அச்சகத்தார் அனைவருக்கும், பயங்கரவாதத் தடுப்பு அறிவிப்பைத் தயாரித்த குழுவின் நன்றி.

முதல் வரைவில் "திடீரெனத் தாடி வளர்ப்பது, தொழுகையில் அதிக நாட்டம்" ஆகியவற்றை ஆபத்தின் அறிகுறி என்று போட்டிருந்தோம். அதை அடிக்கச் சொன்னீர்கள். பக்திக்கும் குண்டுக்கும் முடிச்சுப் போட்டால் எந்தத் தாய் போன் எடுத்து 112-ஐ அழைப்பார்? இப்போது அங்கே இருப்பவை செயல்கள் மட்டுமே: வீட்டுக்குத் தெரியாமல் பேசச் சொல்லும் முகம் தெரியாத ஆள், டெலிகிராமில் வரும் கொலை வீடியோ, அடுத்தவர் பெயரில் சிம் கார்டு கேட்பது, காரணம் சொல்லாமல் பணம் அனுப்பச் சொல்வது. எந்த மதத்தார் வீட்டுக்கும் இது பொருந்தும்.

தாடியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நம் வேலூர்க் கோட்டை 1806 சிப்பாய்க் கலகத்திலேயே பார்த்துவிட்டது. தாடி, நெற்றிக்குறி, தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை பற்றிய உத்தரவை எழுதிய வெள்ளைக்கார அதிகாரிகள், அதற்குக் கட்டுப்படவேண்டிய சிப்பாயைக் கேட்கவில்லை.

'ஜிஹாதி' என்ற சொல்லை நீக்கச் சொன்ன ஆலிம்களுக்குத் தனி நன்றி. மார்க்கத்தில் மதிப்புள்ள சொல்லைக் கொலைகாரனுக்குச் சூட்டினால், அவன் ஆசைப்படும் பட்டத்தை நாமே கொடுத்ததாகிவிடும். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 2008 ஆலோசனைக் குறிப்பும் இதையே எச்சரித்தது.

அச்சகத்தார் பட்ட பாடு சொல்லி மாளாது. வலமிருந்து இடம் எழுதத் தெரியாத மென்பொருளில் திறந்தால் உருது அறிவிப்பின் நஸ்தலீக் வடிவ எழுத்துகள் பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். தட்டச்சு செய்த கோப்பை எத்தனை முறை பார்த்தும் பயனில்லை. அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியைத்தான் உருது படிக்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். வீட்டில் உருது பேசினாலும் தமிழ் மட்டுமே படிப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக வீட்டுப் பேச்சிலேயே 40 வினாடிக் குரல் பதிவு செய்து தந்த சகோதரிகளுக்கும் நன்றி.

பள்ளிவாசல் சுவரில் மட்டும் ஒட்டினால் அதுவே ஒரு குற்றச்சாட்டு என்றீர்கள். ரேஷன் கடை, பஸ் நிலையம், கோயில், சர்ச் பலகைகளிலும் ஒட்டியாயிற்று.

"போன் பண்ணினா அடுத்து என்ன நடக்கும்? பையனைத் தூக்கிட்டுப் போவாங்களா?" என்று பெண்கள் கேட்டதற்கு மட்டும் இந்த அறிவிப்பில் பதில் இல்லை. யார் போனை எடுப்பார், பெயர் வெளியே தெரியுமா, விசாரணை எப்படி நடக்கும் என்பதைக் காவல்துறையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் அடுத்த வரைவு உங்கள் கைக்கு வரும். சிவப்புப் பேனாவை எடுத்து வையுங்கள்.