கட்டண ரசீது இல்லாத படிப்பு

பெங்களூருவில் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்கிவரும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கடந்த மாதம், ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா, பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையனுக்குத் திரைப்பட இயக்குநராக வேண்டும். சினிமாப் படிப்பில் சேர்ப்பதா, சென்னைக்கு அனுப்பி யாரிடமாவது உதவி இயக்குநராகச் சேர்த்துவிடுவதா என்று கேட்டார். நான் மூன்று படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்திருந்தார். பேச்சின் நடுவே அவர் எடுத்துக் காட்டிய உதவித்தொகைப் படிவம்தான் இந்த மடலை எழுதவைத்தது. கல்லூரிச் சேர்க்கைச் சான்றும் கட்டண ரசீதும் இணைக்கப்பட்டால் மட்டுமே விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் என்று அதில் அச்சிட்டிருந்தது. எந்த வழி தம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று அந்தக் குடும்பம் யோசித்து முடிப்பதற்குள், படிவமே ஒரு வழியை அடைத்துவிட்டிருந்தது.

இரண்டு வழிகளிலும் நல்ல இயக்குநர்கள் வந்திருக்கிறார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு முதல் படங்களை மட்டும் நினைவூட்டுகிறேன். புனே திரைப்படக் கல்லூரியில் படித்த கிரீஷ் காசரவள்ளி கன்னடத்தில் ‘கடஸ்ராத்தா’வை எடுத்து, அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றார். எந்தத் திரைப்படக் கல்லூரிக்கும் போகாமல் கன்னட இயக்குநர் புட்டண்ண கனகல் உள்ளிட்டோரிடம் உதவியாளராக இருந்த பாரதிராஜா ‘16 வயதினிலே’ எடுத்து, தமிழ் சினிமாவை ஸ்டூடியோவிலிருந்து கிராமத்துக்கு அழைத்துப் போனார். புட்டண்ணாவோ ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்த பி.ஆர். பந்துலுவிடம் தொழில் கற்றவர். பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ், பாக்யராஜிடமிருந்து பார்த்திபன், பாண்டியராஜன் என்று அந்த வரிசை பின்னரும் நீண்டது. கன்னடமும் தமிழும் மாறி மாறிக் கைகொடுத்த இந்த வரிசையில் ஒருவரிடமும் இந்தப் பயிற்சிக்கான கட்டண ரசீது இருந்திருக்காது. இரண்டு மொழிகளுக்கும் நடுவே வாழும் நமக்கு இது மற்றவர்களைவிட நெருக்கமான வரலாறு.

உதவி இயக்குநர் வேலையை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. அதன் குறையை அனுபவித்தவன் நான். முதல் படத்தில் என் கையில் கொடுக்கப்பட்டது கன்டினியூட்டி நோட்டு. காட்சிகள் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை என்பதால், கதாநாயகி வாசலில் நிற்பதை இன்றும் வீட்டுக்குள் நுழைவதை இருபது நாள் கழித்தும் எடுப்பார்கள்; வளையல் எந்தக் கையில், முந்தானை எந்தத் தோளில், தட்டில் தோசை எவ்வளவு மீதி என்று எழுதிவைக்க வேண்டும். அந்த நோட்டு, சிதறிக் கிடக்கும் துண்டுகளை மனத்துக்குள் படமாகக் கோக்கக் கற்றுக்கொடுத்தது. மழை வந்து கால்ஷீட் வீணாகும் நாளில் எந்தக் காட்சியை விட்டுக்கொடுக்கலாம் என்று இயக்குநர் அரை நிமிடத்தில் முடிவெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததும் எந்த வகுப்பறையிலும் கிடைத்திராத பாடம். ஆனால் மூன்று படங்கள் முடிந்த பிறகும், ஒரு ஷாட்டை ஏன் அங்கே வெட்டினார்கள், கேமராவை ஏன் நகர்த்தவில்லை என்பதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கேட்க நேரமும் இல்லை, கேட்கும் வழக்கமும் இல்லை. புனேயில் திரைப்படக் கல்லூரியும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் சேர்ந்து நடத்திவந்த, சில வாரங்களே நீளும் திரைப்பட ரசனைப் பயிற்சிக்குப் போனபோதுதான், அத்தனை நாள் நான் கண்ணால் பார்த்தவற்றுக்குப் பொருள் விளங்கியது. சொந்தமாக ஒரு பத்து நிமிடப் படம் எடுத்துத் தவறு செய்து, அதைப் பலர் முன் போட்டுப் பார்க்கும் வாய்ப்பைத் திரைப்படக் கல்லூரி தருகிறது. அடுத்தவர் படத்தில் உதவியாளன் தவறு செய்யவே கூடாது.

நன்றாகக் கற்றவர்கள் இரண்டையும் கலந்தே கற்றார்கள் என்பது என் உறுதியான எண்ணம். காசரவள்ளியும் பி.வி. காரந்த் இயக்கிய ‘சோமன துடி’ என்ற கன்னடப் படத்தில் உதவி இயக்குநராக இருந்தவர்தான். புனேயில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா, தம்மிடம் சேர்ந்தவர்களைப் படப்பிடிப்பு வேலையோடு நிறுத்தாமல், தொடர்ந்து இலக்கியம் வாசிக்கவைத்தார். பாலாவும் வெற்றிமாறனும் ராமும் அவரிடமிருந்து வந்தவர்கள். யாரிடமும் உதவியாளராக இல்லாமல் 1983-இல் கன்னடத்தில் முதல் படம் எடுத்த மணிரத்னத்தைப் பையன்கள் உடனே உதாரணம் காட்டுவார்கள். அவர் மேலாண்மை படித்தவர், திரைப்பட விநியோகத்தோடு தொடர்புள்ள குடும்பத்தில் பிறந்தவர், அந்த முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பாலு மகேந்திரா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே அந்தத் தாயிடம், முதலில் ஏதாவது ஒரு பட்டப்படிப்பை அரசுக் கல்லூரியில் முடிக்கட்டும் என்றேன். புனேயில் இயக்கம் படிக்கப் பட்டம் அவசியம் என்பதால் அந்தக் கதவு திறந்தே இருக்கும். இருபத்தொரு வயதில் சென்னைக்குப் போனாலும் தாமதமில்லை. சில மாதச் சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, படவாய்ப்பும் தருவதாகச் சொல்லும் இடங்களுக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதையும் வற்புறுத்திச் சொன்னேன். அத்தகைய இடங்களின் ரசீது உங்கள் படிவத்துக்குச் செல்லுபடியாகும் என்பதுதான் என்னை வருத்துகிறது.

சென்னையில் சாலிகிராமத்திலோ வடபழனியிலோ ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வாழ மாதந்தோறும் பணம் வேண்டும். என் முதல் படத்தில், கதை விவாதம் நடந்த ஏழு மாதங்களும் கையில் எதுவும் வரவில்லை. படப்பிடிப்பு நாட்களில் மட்டும் பேட்டா (தினப்படி) கிடைத்தது. அப்பா அனுப்பியதால் தாக்குப்பிடித்தேன். என்னோடு சேர்ந்த இருவர், என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள், வாடகை கட்ட முடியாமல் ஊர் திரும்பினார்கள். பெண்களுக்குச் செலவு இன்னும் கூடும். நள்ளிரவில் படப்பிடிப்பு முடிந்து வருபவரை உள்ளே விடும் விடுதியைத் தேட வேண்டும், திரும்பி வர வண்டிக்கும் கொடுக்க வேண்டும்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பட்டம் முடித்து, ஓர் இயக்குநரிடம் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை கிடைக்க வழி செய்யுங்கள். கட்டண ரசீதுக்குப் பதிலாக அந்த இயக்குநரின் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். தொகையை ஒரே தவணையில் தராமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தப் பிள்ளை தன் கைப்பட எழுதிய பணிக் குறிப்பைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். திரைப்பட ரசனைப் பயிற்சி போன்ற குறுகிய வகுப்புகளுக்கான செலவையும் இதில் சேர்க்கலாம். குறிப்புகளைப் படித்து மதிப்பிட ஆள் வேண்டுமென்றால், ஊதியம் எதுவும் பெறாமல் அந்த வேலையை நான் செய்து தருகிறேன்.

சிவாஜிநகரிலிருந்து ஓர் இளைஞரும் கோலார் தங்கவயலிலிருந்து ஒரு பெண்ணும் இந்த ஆண்டே பட்டம் முடித்துச் சென்னைக்குக் கிளம்பக் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் ஓர் இயக்குநரின் கடிதம் ஏற்கெனவே இருக்கிறது. இவ்வாண்டுக்கான விண்ணப்பங்களை நீங்கள் பெற்று முடிப்பதற்குள் ஒரு பதில் கிடைத்தால், அவர்களிடம் நான் சொல்லிவிடுவேன்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
ஒரு முன்னாள் உதவி இயக்குநர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு