தலையில்லாத கிட்டார் குறித்து மாஸ்டருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாஸ்டர்,

"அந்த முண்டத்தை வாங்கி என்னடா பண்ணப்போற?" என்று போனில் கேட்டீர்கள். பக்கத்தில் ஆள் இருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சாவகாசமாகப் பதில் எழுதுகிறேன். தலையில்லாத கிட்டாரை இன்னும் வாங்கவில்லை, வாங்கலாமா என்ற யோசனையில்தான் இருக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று பொதுவில் போடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தலையில்லாத கிட்டார் என்றதும் உங்களுக்கு எண்பதுகளின் ஸ்டைன்பெர்கர்தான் கண்ணில் வந்திருக்கும். நெட் ஸ்டைன்பெர்கர் அடிப்படையில் மரச்சாமான் வடிவமைப்பாளர். 1980 வாக்கில் நியூயார்க்கில் கார்பன் இழையையும் எபாக்சியையும் வைத்து ஒரு பேஸ் கிட்டார் செய்தார். கறுப்பாக, படகுத் துடுப்பு மாதிரி இருக்கும். அது எனக்கும் பிடிக்காது. கிட்டார் மேதை ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் கையில் இருக்கும்போது மட்டும் அழகாகத் தெரிந்தது, ஆனால் அவர் கையில் எது இருந்தாலும் அப்படித்தான்.

நான் பார்த்துவைத்திருப்பது வேறு ரகம். மரத்தில் செய்தது, நெக் நுனியில் ட்யூனிங் கீகள் உட்காரும் தலை, அதாவது ஹெட்ஸ்டாக், கிடையாது. உடம்பும் செமி-ஹாலோ, அதாவது உள்ளே பாதி குடைந்தது. "ஒன்று போதாதென்று இரண்டு கோளாறா" என்பீர்கள். அந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான் என்னை இழுக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

1958-இல் கிப்சன் கொண்டுவந்த இ.எஸ்-335 என்ற செமி-ஹாலோ கிட்டாரின் உள்ளமைப்பை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். நடுவில் நீளவாக்கில் ஒரு மேப்பிள் கட்டை, இரண்டு பக்கமும் வெற்றிடம். கட்டை இருப்பதால் நாதம் நீளும், ஆம்ப் சத்தம் கிட்டாருக்குள் திரும்பப் புகுந்து ஊளையிடும் ஃபீட்பேக் அடங்கும். வெற்றிடத்தால் கொஞ்சம் காற்றோட்டமான தொனி கிடைக்கும். அது பதினாறு அங்குல அகல உடம்பு. அதே யோசனையைச் சின்ன உடம்பில் செய்யும்போதுதான் வம்பு வருகிறது. உடம்பைக் குடையக் குடைய அந்தப் பக்கம் மட்டும் எடை குறைகிறது. எதிர்முனையில் ஹெட்ஸ்டாக்கும் ஆறு ட்யூனிங் கீயும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். கையை எடுத்தால் நெக் தரையைப் பார்த்து இறங்கும்.

இந்த அவஸ்தை உங்களுக்குத் தெரியும். ரிசப்ஷன் கச்சேரியில் மூன்று மணி நேரம் நின்று வாசிக்கும்போது, இடது கை பாதி நேரம் ஸ்வரம் பிடிக்கும், மீதி நேரம் நெக்கைத் தாங்கும். கட்டைவிரல் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும்போது கமகம் எங்கே வரும்? அழுத்தி இழுக்க வேண்டிய விரல்களுக்குப் பலமே இருக்காது. இரவு வீட்டுக்கு வந்தால் மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஒரே வலி.

தலையை எடுத்துவிட்டு ட்யூனிங் திருகுகளை, உடம்பின் மேல் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டால் அந்த எடை உடம்பின் பக்கம் சேர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் உடம்பைத் தாராளமாகக் குடையலாம், நெக் சாயாது. குடைந்ததால் போன எடையை ஈடுகட்டுவது தலை போனதுதான். இரண்டரை கிலோகூட இல்லாமல், ஸ்ட்ராப்பில் மாட்டினால் விட்ட இடத்தில் நிற்கும் கிட்டார்கள் வந்துவிட்டன. ஸ்வீடன்காரர் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் இந்த வடிவத்தை மறுபடி பிரபலமாக்கினார், 2021-இல் ஐபனீஸ் கம்பெனியும் க்யூ வரிசையோடு இறங்கியது. ஸ்ட்ராண்ட்பெர்க் விலை என் பட்ஜெட்டுக்கு எட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, சத்தம்? இங்கேதான் நான் ஜாக்கிரதையாக இருக்கிறேன். 335-இன் குரல் இதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. உள்ளே இருக்கிற காற்று ரொம்பக் கொஞ்சம், ஆம்பில் கேட்பதில் பெரும்பங்கு, ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் வேலை. ஆம்ப் போடாமல் வாசித்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. என் ஃப்ளாட்டில் ராத்திரி பதினோரு மணிக்குச் சாதகம் செய்ய அதுவே போதும். ஆம்பில் டிரைவ், அதாவது கரகரப்பு, ஏற்றினால் ஊளையிடுமா என்பது இன்னொரு கவலை. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங், கிட்டாரின் மேல்பலகையில் இருக்கும் எஃப் வடிவத் துளைகளில் துணி அடைத்து வாசித்தவர். பின்னால் கிப்சன் அவருக்கென்று செய்த லூசில் மாடலில் துளையே வைக்கவில்லை. அதனால் துளையில்லாமல் உள்ளே மட்டும் குடைந்த மாடல்தான் எனக்குச் சரிப்படும் போலிருக்கிறது. விளம்பரத்தில் செமி-ஹாலோ என்று போட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் சின்னதாகக் குழி தோண்டி மேலே துளை போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். எடை எவ்வளவு, நடுக்கட்டை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கேட்டால் கடைக்காரர் முகத்திலேயே விடை தெரிந்துவிடும்.

ட்யூனிங்கைப் பொறுத்தவரை எனக்கு ஆசைதான். ஸ்ட்ரிங்கை நெக் நுனியில் இருக்கும் நட் பக்கம் திருகி இறுக்கிவிடுகிறார்கள், ட்யூனிங் கீயின் கம்பத்தில் சுற்று என்பதே இல்லை. சுற்று இல்லாததால் புது ஸ்ட்ரிங் சீக்கிரம் நிலைக்கு வரும். பிரசன்னா கர்னாடக சங்கீதத்தை எலக்ட்ரிக் கிட்டாரில் வாசிப்பதைக் கேட்டுவிட்டு நானும் தோடியோடு மல்லுக்கட்டுகிறவன். காந்தாரத்தை அத்தனை அசைத்த பிறகும் ஸ்ட்ரிங் சுருதிக்குத் திரும்ப வேண்டும் எனக்கு.

ஸ்டைன்பெர்கருக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த ஸ்ட்ரிங் தேட வேண்டியிருந்தது. இப்போது பல மாடல்களில் சாதாரண ஸ்ட்ரிங்கையே போடலாம், மிச்சத்தை வெட்டிவிட வேண்டியதுதான்.

தொல்லைகளும் இருக்கின்றன. நட் பக்கம் ஸ்ட்ரிங்கை இறுக்கப் பெரும்பாலும் எல் கீ, அதாவது எல் வடிவச் சாவி, வேண்டும். மேடை இருட்டில், பாட்டு நடுவில் ஸ்ட்ரிங் அறுந்து, அந்தச் சின்னச் சாவியும் எங்கோ உருண்டிருந்தால் கதை முடிந்தது. சுருதி பார்க்கும் கிளிப் ட்யூனரை மாட்ட இடம் இல்லை. நட்டுக்குப் பின்னால் பாட்டு லிஸ்ட்டைச் சொருகிவைப்பீர்களே, அதற்கும் வழியில்லை. சுவர்க் கொக்கியில் மாட்டினால் வழுக்கி விழும். இதைவிட எனக்குப் பயம் துருதான். பிரிட்ஜ் முழுக்கப் பொடிப்பொடித் திருகுகள், வலது கை வியர்வை நேராக அதன் மேல்தான் இறங்கும். சென்னைக் காற்றில் ஒரு திருகு இறுகிப்போனால், அதே அளவு உதிரிபாகம் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? வெளிநாட்டிலிருந்து தருவித்தால் பாகத்தின் விலையைவிடக் கூரியரும் சுங்க வரியும் அதிகமாகும். பாகம் சுலபமாகக் கிடைக்கிற பிராண்டாகப் பார்த்து வாங்குவது, நல்ல மரத்தைவிட முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, வாங்குகிற பக்கமே சாய்ந்திருக்கிறேன். ஸ்ட்ராப் போட்டு அரைமணி நேரம் நின்று வாசித்துப் பார்க்காமல் பணம் கட்டப்போவதில்லை. ஆன்லைனில் வாங்குகிற பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மவுண்ட் ரோடு கடைக்குப் போகிறேன், நீங்களும் வர வேண்டும். உங்கள் செமி-ஹாலோவையும் எடுத்து வாருங்கள். ஒரே ஆம்பில், ஒரே வால்யூமில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசியுங்கள், நான் ஆம்புக்கு முன்னால் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று கேட்கிறேன். எது எது என்று எனக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்கே பில் போட்டுவிடலாம். மதியச் சாப்பாடு என் செலவு.

அன்புடன்,
உங்கள் மாணவன்