ஆறு கட்டத்துக்குள் குறுந்தொகை அடங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய இலக்கியங்களில் உள்ள உணர்ச்சிகளைக் கணினி கொண்டு ஆராய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த வேலையில் கொஞ்சம் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் நடப்பதால் எழுதுகிறேன்.

கணினி படிக்கும் பேத்திக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். குறுந்தொகைப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்ச்சியைக் குறிக்க வேண்டும். பலர் குறித்துத் தந்ததைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளுமாம். தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆச்சி சும்மாதானே இருக்கிறாள் என்று தாளை என்னிடம் நீட்டிவிட்டாள். அதில் ஆறு கட்டம்: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு.

கணினி எடுத்துக் கொடுத்த சொற்பட்டியலில் 'கியரோ' என்று ஒரு சொல். "பைக் கியரா ஆச்சி?" என்கிறாள். "ஏட்டி, அது யாயும் ஞாயும் யாராகியரோ!" சீருக்காக 'யாரா கியரோ' என்று பிரித்து அச்சிட்டதைக் கணினி இரண்டு சொல்லாக எண்ணிவிட்டது. சரி, சந்தி பிரித்த பாடத்தைக் கொடுத்தால் இது தீர்ந்துவிடும்.

தீராதது 25-ஆம் பாட்டு. கபிலர் பாடியது. தலைவி சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற மெல்லிய காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி ஒரு குருகு மட்டும் நின்றது. பாட்டு அவ்வளவுதான். இதில் அழுகை, அச்சம் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. நான் பயம் என்று குறித்தேன். 'கள்வன்' என்று ஏசுகிறாளே என்று பேத்தி கோபத்தில் போட்டாள். பூ கொடுக்க வரும் அக்காவிடம் கதையாகச் சொன்னோம். "பாவம், சாட்சிக்கு ஒரு கொக்குதானா கெடச்சுது? அதுவும் மீனைல்லா பாத்துக்கிட்டு நின்னிருக்கு" என்றாள். அவள் சொன்னதை எந்தக் கட்டத்தில் போட?

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டு சொல்கிறது. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காக 32 காரணமும் சொல்கிறது. அழுகை என்றால் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பேத்தியின் தாளில் பெருமிதத்துக்கு இடமே இல்லை. அப்புறம் புறநானூற்றை எடுத்தால் என்ன செய்வார்கள்?

2024 இறுதியில் ஹெல்சிங்கி, ஆல்டோ பல்கலைக்கழகத்தார் இப்படி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கி.மு. 934 முதல் 612 வரையிலான களிமண் பலகைகளில் உள்ள, பழைய மெசபடோமியாவின் அக்காடிய மொழிப் பனுவல்கள், சுமார் பத்து லட்சம் சொற்கள். எந்த உணர்ச்சிச் சொல்லோடு எந்த உடலுறுப்பு வருகிறது என்று கணக்கிட்டார்கள். மகிழ்ச்சி கல்லீரலில், கோபம் பாதத்தில், காதல் கல்லீரலோடு நெஞ்சிலும் முழங்காலிலும். ஈரக்குலை நடுங்கிற ஊர்க்காரிக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் கவனித்தது வேறு: அவர்கள் அந்த மொழியின் சொல்லிலிருந்தே தொடங்கினார்கள். நமக்கும் தோள் நெகிழ்தல், வளை கழலுதல், நுதல் (நெற்றி) பசத்தல் எல்லாம் உண்டு. வள்ளுவர் 'உறுப்புநலன் அழிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

இந்த வேலையைக் கொடுக்கும் பேராசிரியர்கள் மெய்ப்பாட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தாளைத் தயாரிக்கட்டும். மூன்று பேர் மூன்று விதமாகக் குறித்தால் மூன்றையும் வைத்துக்கொள்ளட்டும். பெரும்பான்மை பார்த்து முடிக்க இது பஞ்சாயத்துத் தேர்தல் அல்ல.

பேத்தி இப்போது எட்டுக் கட்டம் போட்டுத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறாள். அதிலும் 28-ஆம் பாட்டில் முட்டிக்கொண்டோம். "முட்டுவேன்கொல், தாக்குவேன்கொல்" என்று ஔவையார் பாட்டில் தலைவி கத்துவது வெகுளி என்கிறாள் பேத்தி. ஊரே தூங்க ஒருத்தி மட்டும் விழித்துக் கிடப்பது அழுகை என்கிறேன் நான். நாளைக் காலையில் பூக்கார அக்கா வரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருநெல்வேலி டவுன்.