16 அவுன்ஸ் வாங்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். தெருக் கால்வாய் வேலை இன்னும் முடியவில்லை. மற்ற சேதிகளைக் கடைசியில் எழுதுகிறேன்.

"குத்துச்சண்டை கிளவுஸ் எத்தனை அவுன்ஸ் வாங்குவது?" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். தீபாவளிக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது அந்த ஒரு வரிதான். நானும் அன்றே "16" என்று மட்டும் பதில் போட்டேன். நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கைப்பேசியில் இத்தனையையும் என்னால் தட்ட முடியாது, அதனால் தபாலில் எழுதுகிறேன். இது வந்து சேர்வதற்குள் நீ கடைக்குப் போய் ஏதாவது 14 அவுன்ஸை வாங்கி வைத்திருந்தால், தொங்கவிட்டுக் குத்திப் பழகும் மூட்டைக்கு வைத்துக்கொள். எதிரே ஓர் ஆள் நின்றால் 16.

முதலில் கணக்கைப் புரிந்துகொள். ஓர் அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். 16 அவுன்ஸ் என்றால் ஒரு கைக்கு 450 கிராம். ஜோடிக்கு அல்ல, ஒரு கைக்கு. அந்த எடையில் பெரும்பகுதி முஷ்டிக்கு முன்னால் இருக்கும் பஞ்சு, அதாவது இந்தக் காலத்து ஃபோம். எடை கூடினால் பஞ்சு கூடும், குத்து பரவும், கை வேகம் குறையும். எடை குறைந்தால் எல்லாம் தலைகீழ். எந்த வேலைக்கு எந்த எடை என்பதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். கடைக்காரன் பளபளப்பைக் காட்டி வேறு எதையாவது சொன்னால் கேட்காதே.

மூட்டையைக் குத்துவதற்கு 12 அல்லது 14 போதும். உன் உடம்பு இப்போது எண்பது கிலோ இருக்குமா? போன தடவை வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது, அம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எழுபத்தைந்துக்கு மேல் என்றால் மூட்டைக்கு 14 எடு. வாத்தியார் கையில் குத்து வாங்கும் மெத்தையை, அதாவது பேடை, மாட்டிக்கொண்டு குத்தச் சொல்லும்போது 10 அல்லது 12 நன்றாக இருக்கும். அதில் வேகமும் குறியும்தான் பாடம். ஆளோடு ஆள் நின்று பழகுவதற்கு உன் எடையில் 16. ஐம்பது கிலோ பையன்கள் 14 போட்டுக்கொள்ளலாம், நீ போடக்கூடாது.

போட்டிக்கு வேறு கணக்கு. தொழில்முறையில் 147 பவுண்டு, அதாவது வெல்டர் எடைவரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10. அமெச்சூரில் ஆண்களுக்குக் கீழ் எடைகளில் 10, மேல் எடைகளில் 12. இதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் எழுதுகிறேன். உனக்குத் தேவைப்படாது. தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரே ஜோடியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று நீ அடுத்துக் கேட்பாய், சின்ன வயதிலிருந்து உன் கணக்கு அப்படித்தான். கூடாது. மூட்டையில் தினமும் இடித்தால் ஃபோம் அமுங்கிச் செத்துவிடும். அந்தச் செத்த கிளவுஸோடு போய் ஒருவன் முகத்தில் குத்தினால் நீ 16 போட்டிருந்தாலும் அவனுக்கு 16 இல்லை. முஷ்டிக் கணு இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் வெளியிலிருந்து அழுத்திப் பார். உள்ளே உன் எலும்பு தட்டுப்பட்டால் அதைத் தூக்கிப்போடு. எங்கள் காலத்தில் குதிரை மயிர் அடைத்தவை இருந்தன. நாள்பட்டால் பழைய மெத்தை மாதிரி எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், நடுவில் வெறும் தோல்தான். பயிற்சிக் கூடத்தில் இருந்த இரண்டு மூன்று ஜோடியைத்தான் மொத்தப் பையன்களும் மாற்றி மாற்றிப் போட்டோம். முன்னால் போட்டவன் வியர்வை காய்ந்திருக்காது. எடை என்ன என்று யாரும் கேட்டதில்லை, கைக்கு நுழைந்தால் போதும்.

கைப்பட்டை கட்டாமல் கிளவுஸ் போடாதே. நாலரை மீட்டர் நீளமுள்ளதாக வாங்கு, குட்டையாக இருப்பது குழந்தைகளுக்கு. மணிக்கட்டில் நாலு சுற்று, பிறகு விரல் இடுக்குகள், பிறகு கணு. கட்டிக்கொண்ட கையோடுதான் கடையில் கிளவுஸைப் போட்டுப் பார்க்க வேண்டும். வெறும் கைக்குப் பொருந்துவது பட்டை கட்டினால் நுழையாது. குத்து விழ வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் கணுக்களில். சுண்டுவிரல் பக்கம் விழுந்தால் அந்த விரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முறியும். எடை அதிகமுள்ள கிளவுஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் முதலில் உடைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, குத்து போய்ச் சேரும்வரை முஷ்டியை இறுக்காதே. ஆத்திரத்தோடு மூட்டையிடம் வருகிறவனைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே முஷ்டியை இறுக்கிக்கொண்டு வருவான். கொஞ்ச நேரத்தில் தோள் செத்துவிடும், மணிக்கட்டு மடங்கும். அப்படி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யார் மேல் கோபம் என்று வாத்தியார் கேட்கமாட்டார். வெளியே போய்க் கயிறு தாண்டிவிட்டு வா என்பார்.

கயிறு கட்டும் கிளவுஸ் மணிக்கட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும். தனியாகப் போகிறவனுக்கு வெல்க்ரோதான் சரி. நீ தனியாகத்தான் போகிறாயா?

முடிந்ததும் பையில் திணித்து வைக்காதே. வாயைத் திறந்து வைத்து உள்ளே செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினால் ஈரத்தை இழுத்துவிடும். உங்கள் ஊரில் வெயில் கிடையாது, அதற்காக ஹீட்டர் மேல் வைத்துவிடாதே, தோல் வெடித்துவிடும். நாற்றம் வீடு முழுக்க அடிக்கும், மருமகள் திட்டுவாள். திட்டினால் வாங்கிக்கொள். வீட்டில் திட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பது நல்லதுதான். தீபாவளியன்று பேசும்போது அவள் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாய். அதற்கு முந்தைய முறையும் அப்படித்தான் சொன்னாய். அம்மா அவளுக்கு எடுத்த சேலையை உன் பெட்டியில் வைக்க மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் எதையும் மறக்கிறவள் அல்ல என்பது உனக்கும் தெரியும். போகட்டும்.

இங்கிலாந்தில் நீ இருக்கும் ஷெஃபீல்டு எப்படிப்பட்ட ஊர் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். குத்துச்சண்டைக்காரன் நசீம் ஹமீது பிறந்து வளர்ந்த ஊர். கயிற்றுக்கு மேலே குட்டிக்கரணம் போட்டு மேடைக்குள் குதிப்பானே, நானும் உன் பெரியப்பாவும் டிவியில் பார்த்துச் சிரிப்போம், நீ புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாய். அத்தனை வேகமான கைகள், அந்தக் கைகளே கடைசியில் அவனுக்குத் தொல்லை கொடுத்தன. அவனை வளர்த்த பிரெண்டன் இங்கிள் அதே ஊரின் வின்கோபேங்கில் ஒரு பழைய தேவாலயக் கூடத்தில் பயிற்சி நடத்தினார், 2018இல் காலமானார். தரையில் கோடு போட்டு அதன்மேல் கால் வைத்துப் பழக்குவார். அதைவிட முக்கியம், அங்கே பழகும்போது தலையில் அடிக்காமல் உடம்பில் மட்டும் குத்தும் வழக்கம் இருந்தது. உன் வாத்தியாரிடம் கேள், உடம்பு ஸ்பாரிங் மட்டும் போதும் என்று சொல். அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளாகப் பிரிந்து அடித்துக்கொண்ட எங்கள் பக்கத்து ஆட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் இன்று சரியாகப் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு நீ வெட்கப்படு.

எனக்குக் கவலை இதுதான். எதிர்வீட்டுப் பையன் கைப்பேசியில் காட்டினான். உங்கள் நாட்டில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்து, தொண்டுக்காகப் பணம் திரட்டுவதாகச் சொல்லி, டை கட்டியவர்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு பார்க்க மேடையேற்றிவிடுகிறார்களாம். அந்தப் போட்டிகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் கண்காணிப்பிலும் இல்லை, அமெச்சூர் சங்கத்தின் கண்காணிப்பிலும் இல்லை. அதற்கும் 16 அவுன்ஸும் தலைக்கவசமும்தான் கொடுப்பார்களாம். நீ எத்தனை அவுன்ஸ் என்று கேட்டாயே தவிர எதற்கு என்று சொல்லவில்லை. மூட்டைக்கா, பழகுவதற்கா, இல்லை இதற்கா?

இதற்கென்றால் கேள். 1867இல் குத்துச்சண்டைக்கான குயின்ஸ்பெரி விதிகளை வெளியிட்டபோது, கிளவுஸ் நல்ல அளவில், உயர்ந்த தரத்தில், புதிதாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நாகரிகம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். வெறுங்கையோடு சண்டை போட்டவன் மண்டையில் ஓங்கிக் குத்த யோசிப்பான், உடைவது அவன் கைதான். கிளவுஸ் வந்த பிறகு அந்த யோசனை தேவையில்லாமல் போய்விட்டது. கிளவுஸ் காப்பாற்றுவது குத்துகிறவனின் கையை. 16 போட்டால் வெட்டு குறையும், வீக்கம் குறையும், ஒரு குத்தின் கூர்மை குறையும். அதனாலேயே பத்துக் குத்து அதிகமாக வாங்கிக்கொண்டு நிற்பாய். உள்ளே மூளை ஆடுவதைப் பஞ்சு நிறுத்தாது. தலைக்கவசமும் நிறுத்தாது. 2013இல் ஆண்கள் போட்டியில் அதைக் கழற்றியே விட்டார்கள், ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் எல்லோரும் வெறும் தலையோடுதான் ஆடினார்கள்.

1928இலேயே ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் தலையில் அடி வாங்கி வாங்கி வரும் நோயைப் பற்றி எழுதிவிட்டார், குடிக்காமலேயே குடித்தவன்போல் தள்ளாடும் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி. பெரியப்பாவைப் பற்றி நான் தனியாக எழுதவேண்டியதில்லை. பொங்கலுக்கு வந்தபோது நீயே பார்த்தாய், உன்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நீயும் திருத்தாமல் பதில் சொன்னாய். அதற்காக உன்னை எனக்கு ரொம்பப் பிடித்தது. சட்டைப் பொத்தான் போட இப்போது ஆள் வேண்டும். அவருடைய கையில் ஓர் எலும்புகூட ஒருநாளும் முறிந்ததில்லை, தெரியுமா? கிளவுஸ் அதன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

உன்னைப் போகாதே என்று சொல்ல நான் யார். பத்து வயதில் உன்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன், ஒருவன் மூக்கில் ரத்தம் வந்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாய். படிக்கிற பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு வராதவன் முப்பத்துநாலு வயதில், அந்தக் குளிரில், வேலை முடிந்து மூட்டை குத்தப் போகிறான் என்றால் ஒரு பக்கம் மார்பு நிமிரத்தான் செய்கிறது. டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். இன்னொரு பக்கம், எதற்காக இப்போது என்று கேள்வி வருகிறது. இரவில்தான் வருகிறது.

ஆகவே 16 வாங்கு. மூட்டைக்குத் தனியாக 14. தலையில் அடி வாங்கிய அன்று தலைவலியோ, வாந்தியோ, வெளிச்சம் கூசுவதோ இருந்தால் அங்கேயே நிறுத்து, மருத்துவரைப் பார். உங்கள் அரசாங்கமே 2023இல் சொல்லியிருக்கிறது, மூளை அதிர்ந்தால் 21 நாளுக்குள் மறுபடி போட்டிக்குப் போகக்கூடாது என்று. எத்தனை அவுன்ஸ் போட்டிருந்தாலும் இதுதான். தனியாகப் படுத்துக் கிடக்காதே, யாரையாவது கூட வைத்துக்கொள்.

அங்கே விலை அதிகம் என்றால் சொல், சென்னை பெரியமேட்டில் நானே பார்த்து வாங்கி அனுப்புகிறேன். தராசில் போட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டேன், 16 என்று அச்சடித்திருப்பதெல்லாம் 16 இல்லை. அதற்கு உன் கை அளவு வேண்டும். கைப்பட்டை கட்டிக்கொண்டு, கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளந்து சொல். எழுதி அனுப்பாதே, போனில் சொல். ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அம்மா அத்தை வீட்டில் இருப்பாள். உனக்கு அப்போது நண்பகல். அளவு நாடா கிடைக்காவிட்டாலும் போன் செய்.

அப்பா