பைகளைத் தைக்கச் சொன்ன குமாஸ்தா

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் நம் பழைய ஆபீஸ் ரெக்கார்டு ரூமைக் காலி செய்து பதிவேடுகளைப் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நீயும் நானும் எத்தனை வருஷம் அந்தத் தூசியில் உட்கார்ந்து கட்டுக் கட்டியிருப்போம். அதனால்தான் இந்த மனிதரைப் பற்றி முதலில் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

பெயர் ஸ்டீபன் பிளசன்டன். அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்துக்காரர், வாஷிங்டனில் வெளியுறவுத் துறையில் குமாஸ்தா. பிரிட்டனோடு போர் நடந்துகொண்டிருந்த 1814 ஆகஸ்டில் ஆங்கிலேயப் படை ஊரை நோக்கி வருகிறது. துறையின் தலைவர் ஜேம்ஸ் மன்றோ எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்க்கத் தானே குதிரையில் போயிருக்கிறார், அங்கிருந்து ஒரு குதிரை வீரனிடம் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார்: காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். எதில் வைத்து, எங்கே கொண்டுபோய், ஒன்றும் கிடையாது. பிளசன்டன் உடனே முரட்டு லினன் துணி வாங்கிப் பைகளாகத் தைக்கச் சொல்கிறார். நல்ல குமாஸ்தாவுக்குத்தான் முதலில் பை ஞாபகம் வரும் கமலா. சுதந்திரப் பிரகடனத்தின் மூலப்பிரதி, அரசியல் சட்டம், அயல்நாட்டு ஒப்பந்தங்கள், ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்கள், எல்லாம் அந்தப் பைகளுக்குள் போயின. அந்த வழியாக வந்த போர் அமைச்சர் ஆம்ஸ்ட்ராங், ஆங்கிலேயர் இங்கே வரப் போவதில்லை, எதற்கு இந்தப் பதற்றம் என்றாராம். எங்கள் துறையில் வேறு மாதிரி நினைக்கிறோம் என்று சொல்லிவிட்டு இவர் வேலையைத் தொடர்ந்திருக்கிறார். அமைச்சரிடம் அப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

வண்டிகளில் ஏற்றி, ஜார்ஜ்டவுனுக்கு இரண்டு மைல் மேலே, ஆற்றுக்கு வர்ஜீனியா பக்கம் இருந்த ஒரு மாவு மில்லில் இறக்கினார். இறக்கிய பிறகு ஒரு சந்தேகம்: எதிர்க்கரையில் பீரங்கி வார்க்கும் ஆலை, அதை அழிக்க வருகிறவன் மில்லைச் சும்மா விடுவானா? பக்கத்துத் தோட்டங்களில் வண்டி கேட்டு வாங்கி, மறுபடி எல்லாவற்றையும் ஏற்றி, வாஷிங்டனிலிருந்து 35 மைல் தள்ளி லீஸ்பர்க் போய், ஒரு காலி வீட்டில் வைத்துப் பூட்டி, சாவியை அங்கிருந்த ஒரு பாதிரியாரிடம் கொடுத்தார். அசதியில் சீக்கிரமே படுத்துவிட்டாராம். மறுநாள் காலையில்தான் ஊர்க்காரர்கள் சொல்லித் தெரிகிறது, ராத்திரி வாஷிங்டன் எரிந்த வெளிச்சம் அங்கேவரை தெரிந்ததென்று. இதையெல்லாம் 1848-இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தூக்கத்தை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். 1817-இல் கருவூலத்தில் ‘ஐந்தாவது தணிக்கையாளர்’ என்ற பதவிக்கு வந்தார், 1820 முதல் நாட்டின் கலங்கரை விளக்கங்கள் அத்தனையும் அவர் பொறுப்பில் வந்தன. கடலோ விளக்கோ அவருக்குப் பழக்கமில்லை, கணக்குத் தெரியும். ஒதுக்கிய பணத்தில் மிச்சம் பிடித்துத் திருப்பிக் கட்டுவதில் அவருக்குப் பெருமை. பிரான்ஸில் ஃப்ரெனெல் கண்டுபிடித்த லென்ஸ் பல மைலுக்கு ஒளி வீசிக்கொண்டிருந்தது, இங்கே வின்ஸ்லோ லூயிஸ் என்ற ஒப்பந்தக்காரரின் புகை படியும் விளக்குகளே போதும் என்று இவர் இருந்துவிட்டார். மாலுமிகளுக்கான வழிகாட்டி நூலை வெளியிட்டு வந்த பிளன்ட் சகோதரர்கள் குறை சொன்னார்கள், கேட்கவில்லை. கடைசியில் 1852-இல் தனி வாரியம் அமைத்து அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்தார்கள். 1855-இல் இறக்கும்வரை தணிக்கையாளராகவே இருந்தார். ஒவ்வொரு காசையும் பார்க்கிற அதே கண்தான் அன்று ஒரு காகிதத்தையும் விடாமல் பார்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் இருட்டில் கரை தெரியாமல் தவித்த மாலுமிகளை நினைத்தால் இதை மன்னிக்க மனம் வரவில்லை. நீ என்ன நினைக்கிறாய், எழுது.

பிளசன்டனின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லையே. மனைவி பென்சில்வேனியாவைச் சேர்ந்த மேரி ஹாப்கின்ஸ். ஒரு மகன் ஆல்ஃபிரட், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் குதிரைப்படைத் தளபதி. 1863 ஜூன் 9 அன்று பிராண்டி ஸ்டேஷனில் நடந்த பெரிய குதிரைப்படைப் போரில் தலைமை தாங்கியவர். இன்னொரு மகன் அகஸ்டஸ், நீலக் கண்ணாடி வழியே விழும் வெயில் திராட்சையைச் செழிக்கவைக்கும், நோயையும் தீர்க்கும் என்று நம்பி, 1876-இல் நீலக் காகிதத்திலேயே ஒரு புத்தகம் அச்சிட்டார். ஜனங்கள் அதை நம்பி ஜன்னல்களுக்கு நீலக் கண்ணாடி போட்டார்கள், கொஞ்ச நாளில் அந்த மோகம் அடங்கிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எடைக்குப் போன பதிவேடுகளில் ஏதாவது இன்னும் அந்தக் கடையில் கிடக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்க்க முடியுமா? பழைய கிரயப் பத்திர நகல்கள் கிடைத்தாலும் போதும், பணம் நான் அனுப்புகிறேன். துணிப்பை கொண்டுபோ, பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அன்புடன்,
விசாலாட்சி