மழை மாதங்களில் தேன் பெட்டிகளுக்குச் சலுகை விலையில் சீனி வேண்டும்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

அனுப்புநர்: மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத் தேனீ வளர்ப்போர்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டத்துத் தேன் என்றால் பெரும்பாலும் ரப்பர் தேன்தான். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் ஜனவரி முதல் மார்ச் வரை, அந்தத் தளிரின் காம்பு நுனியில் சுரக்கும் மதுவைத் தேனீ எடுத்து வருகிறது. இலை முற்றினால் அதுவும் நின்றுபோகும். எங்கள் வருட வருமானமே அந்த மாதங்களில்தான்.

அப்புறம் ஜூன் மழை தொடங்கினால் பெட்டிக்குள் பட்டினி. ராணி முட்டையிடுவது குறையும், கூட்டம் சுருங்கும், தேனீ இல்லாத அடைகளில் மெழுகுப்பூச்சி ஏறி வலை பின்னும், ஒருநாள் திறந்து பார்த்தால் மிச்சமிருந்ததும் ஓடிப்போயிருக்கும். இதைத் தடுக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி சீனிதான். சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் நின்று குடிக்க நாலு ஈர்க்குச்சி போட்டு, சாயங்காலம் பார்த்து, பெட்டியில் குஞ்சு வளரும் அடியறையில் வைப்போம் (பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வந்துவிடும்). பெட்டிக்கு வாரம் 200 கிராம் என்று வைத்தாலும் 100 பெட்டி உள்ளவருக்கு வாரம் 20 கிலோ வேண்டும். தேன் விற்ற காசு தீர்ந்துபோன மாதங்களில் இதைக் கடை விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. வாங்க முடியாதவர்கள் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த சீசனுக்குக் கூட்டம் விலைக்கு வாங்க மறுபடியும் கடன் வாங்குகிறார்கள்.

எனவே, ஜூன் முதல் நவம்பர் வரை பெட்டி எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகச் சலுகை விலையில் சீனி வழங்க உத்தரவிட வேண்டுகிறோம்.

சீனி கொடுத்தால் அது தேனில் கலந்துவிடாதா என்று அதிகாரிகள் கேட்பது நியாயம்தான். மழை மாதங்களில் நாங்கள் தேன் எடுப்பதில்லை, நாங்கள் எடுக்கும் தேன் சேரும் மேலறையே அப்போது பெட்டியில் இருக்காது. டிசம்பரில் வேளாண்மைத் துறையினர் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்து, சீனி நிறுத்தியாகிவிட்டது என்று எழுதிக் கொடுக்கட்டும், சீசனில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கட்டும். அதற்கு முழுச் சம்மதம். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும்போது, அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை எங்களுக்கும் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து இந்தப் பக்கத்துப் பெட்டிகள் காலியானதைப் பார்த்த பெரியவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். அன்று நோய்க்கு மருந்து இல்லை, யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. பட்டினி அப்படியல்ல.

மே மாதத்துக்குள் உத்தரவு வந்தால்தான் வரும் மழைக்கு உதவும். எங்கள் பெட்டிகளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் எந்த நாள் சொன்னாலும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத் தேனீ வளர்ப்போர்