'இரந்து' அல்ல, 'இறந்து'

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற தை மாதம் எங்கள் அப்பச்சியின் முதலாண்டு நினைவு நாளுக்காக, எங்கள் பகுதியில் உள்ள ஓர் அச்சகத்துக்குத் தொலைபேசியிலேயே வாசகத்தைச் சொல்லிப் பதாகை அடிக்கக் கொடுத்திருந்தேன். "தாங்கள் இறந்து ஓராண்டு ஆனாலும் எங்கள் நெஞ்சில் வாழ்கிறீர்கள்" என்பது நான் சொன்ன வாசகம். வீட்டு முகப்பில் பதாகையைக் கட்டி முடித்ததும், எண்பது வயதைக் கடந்த எங்கள் ஆத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டு, "ஏந்தம்பி, ஒங்கப்பச்சி யாருகிட்டக் கையேந்துனாக?" என்று கேட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன், 'இரந்து' என்று அச்சாகியிருந்தது.

இறத்தல் என்றால் சாதல்; இரத்தல் என்றால் பிச்சை கேட்டல். இரப்பவரின் இழிவைச் சொல்ல வள்ளுவர் 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வார முதல் ஆளாகப் பணம் கொடுத்தவர் அப்பச்சி. அவரைத்தான் அந்தப் பதாகை ஊரறியப் பிச்சைக்காரராக்கி நிறுத்தியிருந்தது.

அச்சகத்தில் கேட்டபோது, "ஒரு எழுத்துதானே, படிக்கிறவங்களுக்குப் புரியும்" என்றார்கள். அந்தப் பதில்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. மற்ற எழுத்துப் பிழைகளில் சொல் உருக்குலைந்து போவதால், பிழை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். இத்தகைய பிழையிலோ, தவறாக வந்த சொல்லும் தன்னளவில் முழுமையான, அகராதியில் உள்ள ஒரு தமிழ்ச் சொல்லாகவே இருப்பதால், கைப்பேசியின் பிழைதிருத்தியும் அதன்கீழ்ச் சிவப்புக் கோடு போடுவதில்லை.

செட்டிநாட்டுச் சமையலைப் பெருமையாக எழுதி வைத்திருக்கும் உணவகங்களில் 'பொறித்த கோழி' என்ற பலகையைப் பலமுறை கண்டிருக்கிறேன். எண்ணெயில் இட்டு எடுப்பது பொரித்தல். கல்லிலும் செப்பேட்டிலும் எழுத்தைச் செதுக்குவது பொறித்தல். அதைவிட என்னை வருத்தியது, ஒரு கட்டடத்தின் கருங்கல்லில் 'அரக்கட்டளை' என்று பொறித்திருந்ததுதான். அரம் என்பது இரும்பைத் தேய்த்துக் கூராக்கும் கருவி. "அரம்போலும் கூர்மைய ரேனும்" என்ற குறளில் வருவது அதுவே. அறம் செய்வதற்காகவே பொருளை ஒதுக்கி வைத்த முன்னோரின் பெயருக்கு மேல் அந்தச் சொல் நிற்கிறது. பதாகை என்றால் கழற்றிவிடலாம். கருங்கல்லை என்ன செய்வது?

இதில் மக்களின் பேச்சை நான் குறை சொல்லவில்லை. ரகரத்துக்கு நுனிநா அண்ணத்தை 'வருட' வேண்டும் என்றும், றகரத்துக்கு 'ஒற்ற' வேண்டும் என்றும் தொல்காப்பியம் தெளிவாகவே சொல்கிறது. குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேறுபாடு பேச்சில் இன்னும் கேட்கிறது. நம் பக்கத்திலோ இரண்டும் ஒன்றாகிவிட்டன. வாழைப்பழமும் 'வாளப்பளம்' ஆகிவிட்டதால், வாழைக்கும் வாளை மீனுக்கும் காதில் வேறுபாடு இல்லை. ஊருணியைக்கூட நாம் 'ஊரணி' என்றே சொல்கிறோம். ஊரார் உண்ணும் நீர் என்ற பொருள் அந்த 'உ' எழுத்தில்தான் இருக்கிறது என்பது, எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. காது பிரித்துக் கேட்காததைக் கண்ணால் பிரித்துப் பார்க்கத்தான் நம் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். 1939 முதல் கம்பனுக்கு விழா எடுத்து வரும் காரைக்குடியில், தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊரில், இதைச் செய்ய ஆசிரியர்களுக்கா பஞ்சம்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நினைவஞ்சலி விளம்பரங்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளும் தங்கள் ஊழியர்கள், அதைத் திரும்பப் படித்துக் காட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது. படித்துக் காட்டினால் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே கேட்கும். அச்சு வடிவத்தை அனுப்பி, வீட்டார் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிட வேண்டும். வரும் தை மாதம் அப்பச்சியின் இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலியைத் தங்கள் இதழில் வெளியிட இருக்கிறோம். அச்சுக்குப் போகும் முன் ஒரு படியை எங்களுக்கு அனுப்பி வையுங்கள். ஆத்தாவிடம் காட்டிய பிறகு ஒப்புதல் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.